சுவருக்கு ஒரு சர்டிபிகேட்

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. லேமினேஷனும் போடுவேன். டேலி படித்தவர்கள், தையல் படித்தவர்கள், ஏசி ரிப்பேர் படித்தவர்கள் என்று இந்தப் பக்கத்தில் படித்த எல்லோருடைய சர்டிபிகேட்டும் என் மெஷினுக்குள் ஒருமுறை போய் வந்திருக்கும். முதல் நாள் கைக்குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு வருவார்கள். மறு வருஷம் அதே ஆள் அதே காகிதத்துக்கு இன்னும் பத்து நகல் கேட்டு வரும்போது முகத்தைப் பார்க்கச் சகிக்காது. பல வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்குச் சர்டிபிகேட் என்றாலே எரிச்சல் வருவதில் தப்பில்லை. பேராச்சி விஷயத்தில் எனக்கு வந்தது எரிச்சல் இல்லை, ஆத்திரம். இன்னும் அடங்கவில்லை.

பேராச்சி எங்கள் சந்தில்தான் இருக்கிறாள். வயது முப்பத்திரண்டு. அப்பா அம்மா நாங்குநேரிப் பக்கம். இவள் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். பன்னிரண்டாவதில் சயின்ஸ் எடுத்து நல்ல மார்க்கோடு பாஸ் ஆனாள். மார்க் ஷீட்டின் மை காய்வதற்குள் கல்யாணம் பண்ணி வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை சுடலைக்கண்ணன் டெம்போ ஓட்டுகிறான். குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான். யார் என்ன சொன்னாலும் ‘சரிதான்’ என்று தலையாட்டுவான். அது ஒன்றுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காதது.

தாராவியிலேயே தேரா கம்பவுண்டில் வானமாமலை அண்ணாச்சிக்கு ஒரு பிளாஸ்டிக் கோதாம், அதாவது கிடங்கு, இருக்கிறது. பம்பாய் முழுக்கத் தூக்கிப் போடுகிற உடைந்த நாற்காலி, வாளி, பைப், டப்பா எல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே வரும். ரகம் பிரித்து, நறுக்கி, கழுவி, உருக்கி, கடைசியில் மிளகு சைஸில் டானாவாக வெட்டி விற்பார்கள். கல்யாணமான மறு வருஷமே பேராச்சி அங்கே ரகம் பிரிக்கப் போனாள். பிரிக்கிற விதம் என்ன தெரியுமா? துண்டை நகத்தால் சுண்டிச் சத்தம் கேட்பார்கள். அதிலும் புரியாவிட்டால் லைட்டரால் ஓரத்தைக் கொளுத்தி, புகையை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்ப்பார்கள். மெழுகு வாடை வந்தால் ஒரு ரகம், கண்ணைக் கரித்தால் இன்னொரு ரகம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று யாரும் எண்ணுவதில்லை. பிறகு கணக்கு எழுதத் தெரிந்தவள் என்று அண்ணாச்சி அவளை மேஜைக்கு மாற்றினார். மேஜை இருந்த இடம் உருக்குகிற டானா மெஷினுக்குப் பக்கத்தில். ரகம் புரியாத துண்டுகள் அங்கேயும் அவளிடம்தான் வந்தன. மூக்குக்கு ஒரு விடுதலையும் கிடைக்கவில்லை.

அந்த மெஷினை ஓட்டுகிறவன் காசிம், மேலப்பாளையத்துப் பையன். மெஷினுக்கு மேலே சுவரில் புகையை வெளியே தள்ளுகிற பெரிய ஃபேன் ஒன்று உண்டு. ஓடாது. ரிப்பேர் என்று நினைக்காதீர்கள். ஒயரைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள். ஓடினால் கரண்ட் பில் ஏறுமாம்.

இப்படி இருக்கும்போதுதான் பேராச்சியின் போனுக்கு ஒரு விளம்பரம் வந்தது. செம்பூரில் ஒரு இன்ஸ்டிடியூட். சுற்றுச்சூழல் தொழில்நுட்பச் சான்றிதழ். ஆறு மாதம், சனி ஞாயிறு வகுப்பு, பன்னிரண்டாவது போதும், நூறு சதவீத வேலை உதவி. பச்சைத் தொப்பி போட்ட ஒரு பெண் தொழிற்சாலை முன்னால் நின்று சிரிக்கிற படமும் போட்டிருந்தார்கள்.

ஆதார் நகல் எடுக்க வந்தவள் அதை என்னிடம் காட்டினாள்.

“எக்கா, இத்தன வருசமா அந்தப் பொகைய இழுக்கதுக்குச் சம்பளம் வாங்கிட்டேன். இனி அத நிறுத்துததுக்குச் சம்பளம் வாங்கணும். அம்பர்நாத்துல கெமிக்கல் கம்பெனில இப்படிப் படிச்சவியளுக்கு இருபத்திரண்டாயிரம் குடுக்காவளாம்.”

அவள் அப்போது வாங்கிக்கொண்டிருந்தது பதினோராயிரம்.

“பீஸ் எம்புட்டு?” என்றேன்.

“அறுவத்தஞ்சாயிரம். பரீச்சைக்குத் தனி.”

அந்த ஒரு வாரம் அவர்கள் வீட்டில் நடந்த யோசனை ஒரு கல்யாணத்துக்குக்கூட நடந்திருக்காது. சுடலைக்கண்ணன் போனில் கால்குலேட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சனிக்கிழமைச் சம்பளம் போகும், பஸ்ஸுக்கு ஆகும், சாப்பாட்டுக்கு ஆகும், புஸ்தகத்துக்கு ஆகும். வளையலை அடகு வைப்பதா, ஊர்ச் சங்கத்துச் சீட்டைத் தள்ளி எடுப்பதா? வேலை கிடைத்தால் எத்தனை மாதத்தில் போட்ட பணம் திரும்பும்? எல்லாவற்றையும் போட்டார்கள், கழித்தார்கள். ஒன்றை மட்டும் கேட்கவில்லை. இந்தக் காகிதத்தை எந்தக் கம்பெனி ஏற்றுக்கொள்ளும் என்று.

அதையும் நேரில் கேட்டுவரத்தான் ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியுமாகச் செம்பூருக்குப் போனார்கள். போன இடத்தில் நடந்ததை அவள் வாயாலேயே கேட்டேன். படிப்புக்கு ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் என்று டை கட்டி உட்கார்ந்திருந்தவர் பெயர் சுரேந்திரன். இவர்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் தமிழில் பேசியது காதில் விழுந்ததும், அவர் இங்கிலீஷைக் கழற்றி வைத்துவிட்டு, “நீங்க எந்த ஊரு?” என்று கேட்டிருக்கிறார். நாங்குநேரி என்றதும், “அட, எங்க அம்மைக்குப் பக்கத்துல ஏர்வாடில்லா!” என்றாராம். பிறகு டீ வந்தது. பட்டர் பிஸ்கட் வந்தது. யாரோ ஒரு சித்தப்பா யாருக்கோ மைத்துனர் என்பதும் வெளியே வந்தது. ‘நம்ம பிள்ள’ என்று சொல்லி ஐயாயிரம் குறைத்தார்.

எங்கள் ஆட்களைப் பிடிக்க வலை, தூண்டில் எதுவும் வேண்டாம், ஊர்ப் பெயர் போதும். மார்வாடியிடம் குண்டூசி வாங்கினால்கூட நாலு தடவை திருப்பிப் பார்ப்பார்கள். ஏர்வாடிக்காரரிடம் ‘உங்க சர்டிபிகேட்ட யாரு மதிப்பா’ என்று கேட்பது சம்பந்தி வீட்டில் சோற்றை மோந்து பார்க்கிற மாதிரி. கேட்டால் மரியாதைக் குறைவு.

“ஏட்டி, கேட்டியா இல்லியா?” என்றேன்.

“எக்கா, அவிய ஏர்வாடில்லா. நம்மள ஏமாத்துவாவளா?”

“நம்மள ஏமாத்த நம்மாளுதான் வருவான். பஞ்சாபிக்காரனுக்கு ஒன் வீட்டு விலாசம் தெரியுமா?”

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். சுடலைக்கண்ணனிடமும் சொல்லிப் பார்த்தேன். “நீங்க சொல்லுததும் சரிதான்க்கா” என்றான். மறுநாள் பணத்தைக் கட்டினான்.

படித்த ஆறு மாதமும் அவள் முகத்தில் ஒரு களை இருந்தது. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். தன் மூக்கு ஏன் எரிகிறது என்பதற்குப் புஸ்தகத்தில் காரணம் இருந்ததே அவளுக்குப் பெரிய ஆச்சரியம். கண்ணைக் கரிக்கிற அந்தப் பைப் ரகத்தை உருக்கினால் அமிலப் புகை வரும், அது நெஞ்சுக்குள் போனால் என்ன பண்ணும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். அன்று மாலை என் கடைக்கு வந்து, “எக்கா, இத ஸ்கூல்லயே சொல்லித் தந்திருக்கலாம்லா?” என்று கேட்டாள். அதன் பிறகு அவள் துண்டைக் கொளுத்தி மோந்து பார்ப்பதில்லை. மற்ற பெண்களையும் விடவில்லை. தண்ணீரில் போட்டு மிதக்கிறதா முங்குகிறதா என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு நாள் கேட்டார்கள். நேரமாகிறது என்று மேஸ்திரி கத்தியதும் மறுபடி லைட்டரை எடுத்துவிட்டார்கள்.

சர்டிபிகேட் வந்தது. தங்க நிற முத்திரை, ஓரத்தில் இலை இலையாகப் பச்சைக் கொடி. நான்தான் லேமினேஷன் போட்டேன். பொங்கலுக்கு ஊர்ச் சங்கத்து மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியது வேறு யாருமில்லை, வானமாமலை அண்ணாச்சிதான். சங்கத்துத் துணைத் தலைவர் அவர்.

அம்பர்நாத்துக்குப் போனாள். கேட் வாட்ச்மேனிடமிருந்து ஆபீஸ் வரைக்கும் போவதற்கே பாதி நாள் ஆயிற்று. உள்ளே இருந்தவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இங்கே டிப்ளமோவோ பி.எஸ்ஸியோ வேண்டும், இந்த இன்ஸ்டிடியூட் எங்கள் பட்டியலில் இல்லை என்றார். அனுபவம் உண்டா என்று கேட்டார். இத்தனை வருஷம் பிளாஸ்டிக் கோதாமில் இருந்ததைச் சொன்னாள். அதையெல்லாம் அனுபவமாக எடுத்துக்கொள்ள முடியாது என்றார். நஞ்சைத் தின்றது அனுபவம் இல்லையாம், நஞ்சைப் பற்றி ஏசி ரூமில் படித்ததுதான் அனுபவமாம்! இன்னொரு கம்பெனி மூன்று மாதம் சம்பளமில்லாமல் வா என்றது. இன்னொன்று போனையே எடுக்கவில்லை.

செம்பூருக்குப் போய் ஏர்வாடிக்காரரைக் கேட்டாள். அவருக்கு வெட்கமா, கூச்சமா? “மார்க்கெட் இப்ப டைட்டா இருக்கும்மா. இதோட அட்வான்ஸ் லெவலும் முடிச்சிட்டேன்னா வெயிட்டா இருக்கும். ஒனக்குன்னா தொண்ணூறுக்கு முடிச்சுத் தாரேன்” என்றிருக்கிறார். அன்றைக்கு டீ வரவில்லை.

இதைக் கேட்ட அன்று நான் கடையைப் பாதியில் சாத்திவிட்டுச் செம்பூருக்குக் கிளம்பினேன். பேராச்சிதான் கையைப் பிடித்து நிறுத்தினாள். “போயி என்னக்கா சொல்லுவிய? நாம ஒண்ணும் கேக்காம பணத்தக் கெட்டுனோம். அவிய ஒண்ணும் சொல்லாம வாங்குனாவ” என்றாள். அழக்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணாச்சிக்குச் சர்டிபிகேட்டின் அருமை தெரிந்தது. அவரிடம் டானா வாங்கி வாளி, மக் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி ஒன்று புதிதாக நிபந்தனை போட்டதாம். மால், அதாவது சரக்கு, தயாராகிற இடத்தில் சுற்றுச்சூழல் படித்த ஆள் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும், அவருடைய சர்டிபிகேட் எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரில் மாட்டியிருக்க வேண்டும், ஆள் அனுப்பிப் பார்ப்போம் என்று. அண்ணாச்சி பேராச்சியைக் கூப்பிட்டார்.

“ஒன் பேப்பரக் கொண்டாம்மா. கண்ணாடி பிரேம் போட்டு மாட்டிருவோம். மாசம் மூவாயிரம் தனியாத் தாரேன்.”

“அப்ப பொறுப்பு எனக்குத்தான, அண்ணாச்சி? ஃபேன ஓட்டிருவோம். பைப் மால எடுக்கத நிறுத்திருவோம்.”

அண்ணாச்சி சிரித்தாராம். “நீ ஒண்ணும் செய்யாண்டாம். கணக்க மட்டும் எழுது. பேப்பர் அது பாட்டுக்குச் சொவத்துல தொங்கட்டும்.”

மருந்துக் கடைகளில் இப்படி நடப்பதுண்டு. படித்தவனின் சர்டிபிகேட் கடைச் சுவரில் தொங்கும், அவன் வேறெங்கோ இருப்பான், மாதாமாதம் வாடகை போகும். அதே வியாபாரம் இப்போது எங்கள் சந்துக்கும் வந்துவிட்டது. வெள்ளைக்காரன் மனசாட்சியோடு வாளியில் தண்ணீர் பிடிக்க வேண்டும். அதற்கு இங்கே ஒருத்தியின் பெயர் சுவரில் தொங்க வேண்டும்.

வீட்டில் சுடலைக்கண்ணனுக்குச் சந்தோஷம். மறுபடி கால்குலேட்டரைத் திறந்தான். இரண்டு வருஷத்துக்குள் பீஸ் திரும்பிவிடும் என்றான். வளையலையும் மீட்டுவிடலாம். பேராச்சி என்னிடம் வந்து யோசனை கேட்டாள். நான் கத்தினேன். அவள் நான் கத்தி முடிக்கும் வரை பொறுமையாக இருந்துவிட்டு, “வேற எவன்க்கா இதுக்கு ஒரு ரூவா குடுக்கான்?” என்று கேட்டாள். மறுநாள் காகிதத்தைக் கொடுத்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. அடகுக் கடைக்காரன் என் வளையலையா வைத்திருக்கிறான்?

பார்வையிட ஆள் வருகிற நாள் வந்தது. காலையிலேயே பைப் மால் மூட்டைகளைப் பக்கத்துக் கோதாமின் மாடிக்கு ஏற்றினார்கள். தரையை மூன்று தடவை கழுவினார்கள். டானா மெஷின் அன்றைக்கு லீவு. காசிமையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அவன் கேட்டு எடுத்த லீவு இல்லை, ஆனாலும் சம்பளம் கிடையாது. யாரோ ஏறி ஃபேனுக்கு ஒயரை மாட்டினார்கள். ஃபேன் சுற்றிற்று.

வந்தது ஒரு சின்னப் பெண். பெயர் அதீபா. வெள்ளைத் தொப்பி, கையில் டேப்லெட். நல்ல பெண்தான் என்று பேராச்சியே சொன்னாள். சுவரில் இருந்த பிரேமைப் பார்த்துவிட்டு, இது யார் என்று கேட்டாள். அண்ணாச்சி பேராச்சியைக் காட்டினார். அந்தப் பெண் கையைப் பிடித்துக் குலுக்கி, இந்த வேலையில் பெண்களைப் பார்ப்பதே அபூர்வம், எனக்கு ரொம்பப் பெருமையாக இருக்கிறது என்று ஹிந்தியில் சொல்லி, பிரேமுக்குக் கீழே பேராச்சியை நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டாள். கார் டயர் சந்து முனை திரும்புவதற்குள் ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை காசிம் வேலைக்கு வந்தான். மெஷினைப் போடுவதற்கு முன்னால் நேராக அவள் மேஜைக்கு வந்தான். இதை அவனே என்னிடம் சொன்னான்.

“எக்கா, நேத்து ஃபேன் ஓடுச்சாமே?”

“ஓடிச்சு.”

“நான் இருக்கும்போது ஓடாது. நான் இல்லாத அன்னிக்கு மட்டும் ஓடுமா?”

அவள் கணக்கு நோட்டை மூடி வைத்தாளாம்.

“சண்டைக்குக் கேக்கலக்கா. தெரிஞ்சுக்கிடத்தான் கேக்கேன். சொவத்துல ஒங்க பேருல்லா இருக்கு? இனிமே இருமல் வந்தா நான் யாருட்ட சொல்லணும்? ஒங்ககிட்டயா, அண்ணாச்சிட்டயா?”

பேராச்சி எழுந்து அண்ணாச்சியிடம் போனாள். அண்ணாச்சி சாமி படத்துக்குப் பூப் போட்டுக்கொண்டிருந்தார். ஃபேனைத் தினமும் ஓட்டணும் என்றாள்.

“கரண்ட் பில்ல யாரு கெட்டுவா? ஒன் சர்டிபிகேட் கெட்டுமா?”

“அப்ப அத எதுக்கு மாட்டிருக்கிய?”

“எதுக்குன்னு ஒனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானம்மா குடுத்த.”

பேராச்சி ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பிரேமைக் கழற்றினாள். அண்ணாச்சி பதறிப்போய், “ஏய், பிரேம் என் காசும்மா!” என்றாராம். ஒருத்தியின் ஆறு மாத உழைப்பு கீழே இறங்குகிறது, இவருக்குக் கண்ணாடி உடைந்துவிடக் கூடாதே என்ற கவலை! பேராச்சி பின்பக்கத்து ஆணிகளைக் கத்தரியால் நெம்பி, காகிதத்தை மட்டும் உருவிக்கொண்டு, வெறும் பிரேமை அவர் கையில் கொடுத்தாள்.

“இதுக்கு வேற எவனும் ஒரு ரூவா குடுக்க மாட்டான்னு எனக்குத் தெரியும், அண்ணாச்சி. எம் பேர நான் வாடகைக்கு விடலாம். காசிமுக்க நெஞ்ச வாடகைக்கு விட நான் யாரு?”

வேலை போயிற்று. சங்கத்தில் அவளைத் திமிர் பிடித்தவள் என்று பேசினார்கள். பொங்கல் மேடையில் கைதட்டிய அதே ஆட்கள்தான். சுடலைக்கண்ணன் இரண்டு நாள் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே இருந்தான். மூன்றாம் நாள் என் கடைக்கு வந்து நின்றான். “அவ செஞ்சது சரிதான்க்கா” என்றான். நான் அவன் முகத்தை நன்றாகப் பார்த்தேன். முதல் தடவையாக அவன் அந்த வார்த்தையை யோசித்துச் சொன்ன மாதிரி இருந்தது.

அண்ணாச்சியின் சுவர் சும்மா கிடக்கவில்லை. பத்து நாளில் அதே பிரேமில் வேறொரு சர்டிபிகேட் ஏறிவிட்டது. அதே இன்ஸ்டிடியூட், அதே பச்சைக் கொடி. நாக்பூரில் இருக்கிற யாரோ வெங்கடேஷாம். அவர் தாராவியைப் பார்த்ததே கிடையாதாம். ஏற்பாடு செய்து கொடுத்தது ஏர்வாடிக்காரர். இதற்கும் அவர் கமிஷன் வாங்கியிருப்பார், வாங்காமல் விடுகிற ஆள் இல்லை. காசிம் இப்போதும் அங்கேதான் மெஷின் ஓட்டுகிறான். வேறெங்கே போவான்?

பேராச்சி இரண்டு மாதம் அலைந்தாள். போன வாரம் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்ல வந்தாள். மாட்டுங்காவில் ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடம். அத்தனை வீட்டுக் கழிவுநீரும் கீழே பேஸ்மென்டில் ஒரு பிளான்ட்டில் சுத்தமாகி, தோட்டத்துக்கும் கக்கூஸுக்கும் திரும்பிப் போகும். அந்த பிளான்ட்டில் ஹெல்பர். சம்பளம் பன்னிரண்டாயிரம். அங்கே உள்ள டேங்குகளைப் பற்றியெல்லாம் புஸ்தகத்தில் படித்தது நினைவிருக்கிறது என்றாள். எனக்கு மனசு கொஞ்சம் ஆறிற்று. போட்ட பணத்துக்கு இந்த அளவாவது பிரயோஜனம் வந்ததே என்று நினைத்தேன்.

“சர்டிபிகேட்டப் பாத்துத்தான சேத்துக்கிட்டாவ?” என்று கேட்டேன்.

“அத பையிலேருந்து எடுக்கவே விடலக்கா. சூப்பர்வைசர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. நாத்தம் தாங்குவியான்னு.”

“நீ என்ன சொன்ன?”

“தாங்குவேன்னேன். நாளைக்கே வரச் சொல்லிட்டாவ.”